இருட்டில் நிரப்ப முடியாத படிவம்

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகள், ஏழாம் வகுப்பு முழுவதையும் அறிவியல் டீச்சர் இல்லாமலே கடந்து வந்தவர்கள். அந்த ஒரு வருஷமும் அவர்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட டீச்சர், பள்ளியிலிருந்து எட்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், முழங்கால் இடிக்கும் சின்ன பெஞ்சில் மாணவியாக உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருஷம் லென்ஸ் தேய்த்தவள். கடைக்கு வரும் பிள்ளைகள், “இதைப் போட்டா எழுத்து ஏன் பெருசாத் தெரியுது?” என்று கேட்பார்கள். கடைக்காரர், “தெரியுதில்ல, அது போதும்” என்பார். அவள் பின்னறையிலிருந்து தலையை நீட்டிப் பதில் சொல்வாள். சொல்லிச் சொல்லி அந்த ருசி ஒட்டிக்கொண்டது. நகரத்துப் பள்ளிகளில் அறிவியலுக்கும் கணக்குக்கும் ஆளில்லை, வாருங்கள், உங்களை ஆசிரியராக உருவாக்குகிறோம் என்று விளம்பரம் வந்ததும், கையிலிருந்த லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

உருவாக்கும் இடத்தின் பெயர், நகர்ப்புறப் பள்ளிகளுக்கான அறிவியல் கணித ஆசிரியர் உருவாக்க வழிகாட்டு மையம். அவ்வளவு பெயரும் முகப்பில் கொள்ளவில்லை. பலகை கட்டடத்தின் மூலையில் திரும்பி அடுத்த சுவரிலும் தொடர்ந்தது. வாசலில் நின்று பார்த்தால் ‘ஆசிரியர்’ வரைக்கும்தான் தெரியும். உருவாக்கமும் வழிகாட்டலும் கழிப்பறைப் பக்கம் போய்விட்டன.

முதல் நாள் இயக்குநர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், ஒரு எழுத்தைக்கூட விழுங்காத உச்சரிப்பு.

“நகர்ப்புற மாணவன் என்பவன் யார்? இந்தக் கேள்வியோட நான் இருபத்தொரு வருஷம் வாழ்ந்திருக்கேன். நானூறு பக்கம் எழுதியிருக்கேன். நீங்க கேக்கலாம், சார் இதுவரைக்கும் எத்தனை மாணவர்களை நேர்ல பாத்திருக்கீங்கன்னு. ஒருத்தரைக்கூடப் பாத்ததில்லை. பாத்தா ஒருதலைப்பட்சமாயிடும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். பெரிய மனிதர், அர்த்தமில்லாமல் சொல்லமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மாதிரி வகுப்பு தொடங்கியது. பயிற்சிக்கு வந்த நாற்பது பேரில் ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் மாணவர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. ‘கவனம் சிதறுபவன்’, ‘முந்திரிக்கொட்டை’, ‘தாமதமாக வருபவன்’ என்று எழுதியிருக்கும். அவளுக்குக் கிடைத்தது ‘பசியோடு வந்தவள், சன்னலையே பார்ப்பவள்’. மூன்று வாரம், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து பசியோடு சன்னலைப் பார்த்தாள். ‘மிக நன்று’ என்று மதிப்பெண் போட்டார்கள்.

“சார், நிஜமாவே ஒரு பிள்ளை பசியோட வந்தா என்ன செய்யணும்?” என்று பயிற்றுநரைக் கேட்டாள்.

“அது மூணாவது தொகுதிம்மா.”

“அதை எப்ப நடத்துவீங்க?”

“இன்னும் அச்சாகலை.”

பீக்கரில் பயிற்சி என்று ஒரு நாள் அழைத்துப்போனார்கள். சுவரில் பீக்கரின் படம் மாட்டியிருந்தது. உடைந்தால் அறிக்கை எழுத வேண்டும், ஆகவே படத்தைப் பிடித்துப் பழகுவது என்று முடிவாகியிருந்தது. அவள் வரிசையில் நின்று படத்தைப் பிடித்தாள். “இறுக்கமாப் பிடிக்காதீங்க, தாள் கசங்கும்” என்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பாடக்குறிப்புப் படிவம். அதில் பதினான்கு கட்டங்கள். பதினோராவது கட்டத்தின் தலைப்பு ‘வியப்பு ஏற்படும் நிமிடம்’. பயிற்றுநர் அதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

“வியப்பு தானா வராது, திட்டம் போட்டு வரவழைக்கணும். சரியா பதினாலாவது நிமிஷம் வரணும். அதுக்கு முன்னாடி வந்தா பாடம் மேலோட்டமானதுன்னு அர்த்தம். பின்னாடி வந்தா மணி அடிச்சிடும்.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பீக்கர் படம் முதல் இதுவரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு லைசென்ஸ் குடுக்கும்போது பஸ்ல ஏத்தி ஓட்டச் சொல்லித்தான் குடுத்தாங்க” என்றார். “பஸ் படத்தைப் பிடிக்கச் சொல்லலை.”

“பீக்கர் உடைஞ்சா யார் பதில் சொல்றதுன்னு யோசிக்கிறாங்க.”

“பஸ் இடிச்சா நான்தான் பதில் சொல்றேன். அதுக்காக அதை ஷெட்லயே நிறுத்தி வெக்கிறாங்களா?”

உருவாகி முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

வருஷம் முடிந்து ஒருவழியாக அவளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அனுப்பினார்களே தவிர, விட்டுவிடவில்லை. வருஷக் கடைசியில் ‘இறுதி உற்றுநோக்கல்’ என்று ஒன்று உண்டு. அதுவரை ஒரு வழிகாட்டியின் கீழ் இருக்க வேண்டும். அதில் ஒப்புதல் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் முதல் தொகுதியிலிருந்து மறுபடியும் சின்ன பெஞ்சு.

பள்ளி ஒரு மேம்பாலத்தை ஒட்டி இருந்தது. லாரி போனால் கரும்பலகை நடுங்கும். தலைமையாசிரியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வந்துட்டீங்களா? முதல்ல உள்ள போங்க. உங்க கடிதத்தை அப்புறமாப் பாத்துக்கறேன். ஒரு வருஷமா அந்த வகுப்புக்கு ஆள் மாத்தி ஆள் அனுப்பி எனக்கே மூச்சு வாங்குது.”

தரைத்தளத்தில் மைதானத்தைப் பார்த்த அறை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். யார் கழுத்திலும் அட்டை இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வகுப்பே அவளைச் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடும் என்பது பிறகு தெரிந்தது.

“நீங்க நிஜமாவே டீச்சரா, இல்லை இன்னைக்கு மட்டுமா?”

“நிஜமாத்தான்.”

“அப்ப நாளைக்கும் வருவீங்களா?”

“வருவேன்.”

சந்தேகம் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது ஐம்பத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், பழைய கடையில் கேட்டு வாங்கிய கீறல் விழுந்த லென்ஸ்களை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து அவள் லென்ஸ் டீச்சர்.

அடுத்த வாரம் வழிகாட்டி வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் நாலு நிறத்தில் நாலு பேனா. குறைக்குச் சிவப்பு, நிறைக்குப் பச்சை, நேரத்துக்குக் கறுப்பு, பொதுவாக எழுத நீலம். பயிற்சியில் எல்லோரும் அவரை ‘நாலு பேனா’ என்றுதான் சொல்வார்கள். நாற்காலியை வாசலில் போட்டு, இரண்டு கால் உள்ளேயும் இரண்டு கால் வெளியேயுமாக உட்கார்ந்தார். பிள்ளைகள் யாராவது நெருங்கினால் நாற்காலி இன்னும் கொஞ்சம் வெளியே போகும்.

லென்ஸைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்த ஒரு பையன், எதிரே இருந்த சுவரும் அதில் மாட்டிய படமும் கவிழ்ந்து தெரிந்ததும், “அய்யோ” என்று கத்தினான். வகுப்பே எழுந்து நின்றது. நாலு பேனா கடிகாரத்தைப் பார்த்துக் கறுப்பில் எழுதினார்.

மணி அடித்ததும் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “வியப்பு ஒன்பதாவது நிமிஷமே வந்துடுச்சேம்மா. அஞ்சு நிமிஷம் முன்னாடி.”

“வந்துடுச்சு சார். நான் என்ன பண்றது?”

“கொஞ்சம் தடுத்து வெச்சிருக்கலாம். அப்புறம் அந்தப் பொண்ணு, ஏன் தலைகீழாத் தெரியுதுன்னு கேட்டாளே, அந்தக் கேள்வி உங்க பாடக்குறிப்புல இல்லை.”

“பிள்ளை கேட்டா பதில் சொல்லணும் இல்லையா?”

“குறிச்சு வெச்சுக்கிட்டு அடுத்த வருஷக் குறிப்புல சேத்துக்கலாமே.”

“அடுத்த வருஷம் அவ ஒன்பதாவது போயிடுவா சார்.”

“அது ஒன்பதாம் வகுப்பு வழிகாட்டியோட பொறுப்பு.”

அவர் கெட்டவர் இல்லை. குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்பவரும் இல்லை. மனப்பாடமாகச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள் கேட்டாள், “நீங்க எந்த ஸ்கூல்ல சார் வேலை பாத்தீங்க?”

“நாலு நாள் பாத்தேன்.”

“அப்புறம்?”

“அஞ்சாவது நாள் வழிகாட்டி ஆக்கிட்டாங்க.” கொஞ்ச நேரம் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “அறுபது பேர்மா. எல்லாரும் ஒரே நேரத்துல என்னையே பாத்தாங்க.”

மூன்றாவது மாதம் நாலு பேனாவுக்கு வழிகாட்ட ஒருவர் வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவர் சரியாக வழிகாட்டுகிறாரா என்று பார்க்கத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். வராந்தாவில் இடம் போதாமல் நாற்காலிகள் உள்ளே வந்தன. பின்வரிசைப் பிள்ளைகள் தரைக்கு வந்தார்கள். வந்தவர்கள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இறுதி உற்றுநோக்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. இயக்குநரோடு வேறு ஊர் மையங்களிலிருந்தும் ஆட்கள், மொத்தம் முப்பத்தொரு பேர். தேவைப்படுபவை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். நாற்காலி முப்பத்தொன்று, எழுதும் அட்டை முப்பத்தொன்று, தண்ணீர் பாட்டில் முப்பத்தொன்று, மின்விசிறி நான்கு, சுத்தமான கரும்பலகை ஒன்று.

“இதுல பிள்ளைங்க இல்லையே மேடம்” என்றாள் தலைமையாசிரியையிடம்.

“விட்டுப்போயிருக்கும்.”

“எழுதிக் கேளுங்களேன்.”

கேட்டார். மூன்றாம் நாள் முத்திரையோடு பதில் வந்தது: ‘மாணவர் பங்கேற்பு கட்டாயமல்ல.’

அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அன்றைய பாடத்துக்கான வேலையைத் தொடங்கியிருந்தாள். வகுப்பறை முழுவதையும் இருட்டாக்கி, சன்னலில் ஒரே ஒரு பட்டாணி அளவு ஓட்டை விட்டால், வெளியே இருப்பது எல்லாம் எதிர்ச்சுவரில் படமாக விழும். பிள்ளைகள் ஒரு வாரமாக அதற்கு வேலை செய்தார்கள். கடை கடையாகப் போய் அட்டைப்பெட்டி கேட்டார்கள். கறுப்புத் தாள் ஒட்டினார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பு வந்து எதிர்ச்சுவரில் தொங்கியது. ஓட்டையை மட்டும் இன்னும் திறக்கவில்லை. “இப்பவே பாக்கலாம் டீச்சர்” என்று கெஞ்சினார்கள். “எல்லாரும் சேந்து ஒண்ணாப் பாக்கலாம். வெள்ளிக்கிழமை” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைதான் இறுதி உற்றுநோக்கல்.

அன்றைக்குக் காலை அவள் வருவதற்குள் முப்பத்தொரு பேரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு ‘பி’ வெளியே மைதானத்தில் வெயிலில் வரிசையாக நின்றது. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. இயக்குநர் எழுந்து சன்னல்களைப் பார்த்தார்.

“எதுக்கும்மா எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கீங்க?”

“இருட்டுலதான் சார் இந்தப் பாடம்.”

“இருட்டுல படிவத்தை எப்படி நிரப்பறது?”

“பாடம் முடிஞ்சு நிரப்பலாமே சார்.”

“முடிஞ்சு நிரப்பினா அது ஞாபகம். உற்றுநோக்கல் ஆகாது.” அவர் மற்றவர்களைப் பார்த்தார். முப்பது தலைகள் ஆடின. “இதெல்லாம் வேண்டாம். விளக்கு எரியட்டும். ஓட்டை வழியா வெளிச்சம் வருது, படம் விழுதுன்னு நீங்க சொல்லுங்க. விழுந்ததா நாங்க எடுத்துக்கறோம். பதினாலாவது நிமிஷம் நாங்களே வியந்துடறோம்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உதவி செய்கிறவரின் முகத்தோடுதான் சொன்னார்.

“பிள்ளைங்க சார்?”

“அவங்க வெளியே பத்திரமா இருக்காங்க. நாம இப்ப மதிப்பிடறது உங்களை. பிள்ளைங்க இருந்தா, நீங்க சொல்லிக் குடுத்தது எது, அவங்களா கத்துக்கிட்டது எதுன்னு பிரிக்க முடியாது. எங்க ஆராய்ச்சியோட பெரிய பிரச்சினையே அதுதான்.”

வெளியூர்க்காரர் ஒருவர், காற்றுக்காக இருக்கலாம், எழுந்து மூன்றாவது சன்னலின் தாளைக் கிழிக்கப் போனார். அவள் நாலே எட்டில் போய்ச் சன்னலுக்கு முன்னால் நின்றாள். “தொடாதீங்க. பிள்ளைங்க ஒரு வாரம் ஒட்டினது.” கை அதற்குள் ஓரத்தைக் கொஞ்சம் பெயர்த்திருந்தது.

திறந்த கதவு வழியாக மைதானம் தெரிந்தது. சந்தேகம் கண்ணுக்கு மேல் கையை வைத்து வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை லென்ஸ் டீச்சருக்குத் தெரிந்த பார்வைதான். நாளைக்கும் வருவீங்களா என்று கேட்ட அன்றைக்கு இருந்த அதே முகம். வருகிறேன் என்று பலபேர் சொல்லிவிட்டு வராமல் போனதைப் பார்த்த முகம். ஒரு வருஷம் படத்தைப் பிடித்ததும், வயிறு நிறைந்து பசியோடு உட்கார்ந்ததும், வியப்பைத் தடுத்து வைக்கச் சொன்னபோது தலையாட்டியதும் எல்லாமாகச் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“அவங்க வெளியே நிக்கிறவரைக்கும் நான் பாடம் எடுக்க மாட்டேன் சார்.”

அறையில் பேனாக்கள் நின்றன. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

“யோசிச்சுத்தான் பேசறீங்களா? ஒப்புதல் கிடைக்காது. முதல் தொகுதிக்குத் திரும்பணும். இன்னும் ஒரு வருஷம்.”

“மூணாவது தொகுதி அச்சாயிடுச்சா சார்?”

இயக்குநர் நாலு பேனாவைப் பார்த்தார். நாலு பேனா தரையைப் பார்த்தார்.

“அவசரக் கூட்டம்” என்றார் இயக்குநர். ஆனால் விதிப்படி, மதிப்பிடப்படுபவர் காதில் விழும்படி மதிப்பீட்டாளர்கள் பேசக் கூடாது. தலைமையாசிரியை அறையில் ஆறு பேருக்குமேல் கொள்ளாது. ஆகவே கூட்டத்தை மைதானத்தில் வைத்துக்கொள்வதென்று முடிவாகி, முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள்.

கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் அவள் படியில் நின்று கூப்பிட்டாள். “எட்டு பி, உள்ள வாங்க.”

ஐம்பத்திரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தலைமையாசிரியை வராந்தாவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த அம்மாள். எந்தக் காகிதத்தையும் எதிர்த்துப் பேசியவர் இல்லை. மெதுவாகக் கேட்டார், “நிழல்ல உக்காந்தா படம் சரியா விழாதுன்னு சொன்னீங்க இல்ல?”

“ஆமா மேடம். நல்ல வெயில்ல இருக்கணும்.”

“சரி, அதை நான் பாத்துக்கறேன்” என்று தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்த இயக்குநரை, “அங்க எறும்பு சார், இப்படி வாங்க” என்று சன்னலுக்கு நேர் எதிரே, சுள்ளென்ற வெயிலில் உட்காரவைத்தார்.

அவள் விளக்குகளை அணைத்துக் கதவைச் சாத்தினாள். ஓட்டையை மூடியிருந்த தாளைச் சந்தேகம் எடுத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ யார் காலையோ மிதித்தார்கள். “பொறுங்க, கண்ணு பழகணும்” என்றாள். அப்புறம் விரிப்பின் அடியில் நீலமாக ஏதோ பரவியது. அது வானம். மேலே பழுப்பாகத் தரை. தரையிலிருந்து கொடியில் போட்ட துணி மாதிரி முப்பத்தொரு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நிறம் நிறமாக, அசைந்துகொண்டு. நடுவில் இயக்குநர் வானத்தை நோக்கித் தலையை நீட்டிக் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை.

யாரும் உடனே சிரிக்கவில்லை. பிறகு ஒருவன், “டீச்சர், தண்ணி குடிக்கிறாரு. கீழ சிந்தாம மேல சிந்துது” என்றான். அப்போது தொடங்கிய சிரிப்பு அடங்க நேரமானது. இயக்குநர் இடது கையால் எழுதுகிறார் என்று ஒருவன் சொன்னான், இல்லை வலது கை என்றான் இன்னொருவன். இருவரும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள்.

“டீச்சர்” என்றாள் சந்தேகம். “ஓட்டை ஒண்ணுதானே இருக்கு. இத்தனை பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் இடிக்காம அதுக்குள்ள எப்படி நுழைஞ்சாங்க?”

லென்ஸ் டீச்சர் இந்தக் கேள்வியை எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இவ்வளவு நல்ல கேள்வி அவளுக்குத் தோன்றியதும் இல்லை. “நீயே பாரு. அவர் தலையிலேருந்து ஒரு வெளிச்சம் கிளம்புது. வளையாம நேரா வருது. ஓட்டைக்குள்ள நுழைஞ்சு எங்க போய் முட்டும்?”

சந்தேகம் இருட்டில் தடவிக்கொண்டு ஓட்டைக்குப் போனாள், அங்கிருந்து விரலால் கோடு இழுத்துக்கொண்டே விரிப்புக்கு வந்தாள். விரல் கீழே போய் இயக்குநரின் தலையில் நின்றது. “காலுலேருந்து வர்றது மேல போகும்” என்று சொல்லிக்கொண்டாள். “ஒவ்வொண்ணும் அது அது வழியில போயிடுது. ஒண்ணு ஒண்ணுகிட்ட கேக்கறதே இல்லை.”

அந்த நேரத்தில் விரிப்பில் ஓர் உருவம் கூட்டத்தைவிட்டுப் பிரிந்தது. ஒல்லியான உருவம். தலைகீழாக நடந்து, பெரிதாகிப் பெரிதாகி, விளிம்பைத் தாண்டி மறைந்தது. கதவு தட்டப்பட்டது.

நாலு பேனா உள்ளே வந்தார். “கதவு சார், கதவு” என்று ஐம்பது குரல் ஒன்றாகக் கேட்டதில் பயந்து தானே சாத்திக்கொண்டார். கையில் ஒரு கடிதம். “இதுல கையெழுத்துப் போடணும்மா.”

“என்ன சார் அது?”

“ஒப்புதல் மறுப்பு. திங்கக்கிழமையிலேருந்து முதல் தொகுதி.” குரல் இறங்கியது. “கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

“இருட்டுல ஒண்ணும் தெரியலையே சார்.”

அவர் பைக்குள் கைவிட்டுத் தடவினார். எந்தப் பேனா எந்த நிறம் என்று அவருக்கும் தெரியவில்லை. அப்போது சன்னல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, “டீச்சர், மூணாவது சன்னல்ல ஓரம் பிஞ்சிருக்கு. வெளிச்சம் வருது. படம் மங்குது” என்றது.

“தாள் இருக்கா?”

“தீந்துபோச்சு டீச்சர்.”

லென்ஸ் டீச்சர் கடிதத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். மையத்தின் கடிதத்தாள் நல்ல தடிமன். முத்திரை வேறு புடைத்துக்கொண்டு இருந்தது. பதினோரு வருஷம் கண்ணாடியின் தடிமனை விரலால் பார்த்தவள் அவள். “இது தாங்கும். வெளிச்சம் புகாது. ஒட்டு” என்று சந்தேகத்திடம் கொடுத்தாள்.

டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. படம் இன்னும் தெளிவாயிற்று. இப்போது இயக்குநரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

நாலு பேனா நின்ற இடத்திலேயே நின்றார். விரிப்பில் ஒரு நாற்காலி மட்டும் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அது என்னோட நாற்காலி” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“நகருங்கடா, சாருக்கு இடம் விடுங்க” என்றான் ஒருவன். அவர் தரையில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். “இறங்கச் சொல்லிட்டாங்க” என்றாள்.

“யார் சொன்னாங்க? பயணிங்களா?”

“இல்லை.”

“அப்ப ஓட்டு” என்றார் வீட்டுக்காரர்.

திங்கட்கிழமை அவள் மையத்துக்குப் போகவில்லை, எட்டு பிக்குப் போனாள். மையம் துடித்துப்போனது. ஆனால் மையத்துக்கென்று விதிகள் இருந்தன. ஒப்புகைக் கையெழுத்து இல்லாத கடிதம் சேர்ந்த கடிதம் ஆகாது. சேராத மறுப்பு மறுப்பு ஆகாது. கடிதத்துக்கு நகல் எடுக்க அன்றைக்கு மைதானத்தில் வசதி இல்லை. கையெழுத்து ஏன் வாங்கவில்லை என்று நாலு பேனாவிடம் விளக்கம் கேட்டார்கள். ‘இருட்டாக இருந்தது. பாடம் நடந்துகொண்டிருந்தது’ என்று இரண்டே வரியில் எழுதிக் கொடுத்தார். இதை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு எப்படி ஆராய வேண்டும் என்று சொல்ல இன்னொரு குழு போட்டார்கள். தலைமையாசிரியையைக் கேட்டபோது, “கடிதமா? என் மேஜைக்கு எதுவும் வரலையே” என்றார். பொய் இல்லை, அது சன்னலில் இருந்தது.

இதற்குள் விஷயம் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பதாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எங்களுக்கும் காட்டுங்கள் என்று வந்து நின்றன. காட்டுவது எட்டு பியின் வேலை என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். அவர்களே கதவைச் சாத்தினார்கள், அவர்களே விளக்கினார்கள்.

அப்படி ஒரு நாள், மையத்திலிருந்து புதுக் கடிதத்தோடு ஓர் அதிகாரி வந்து கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து சந்தேகத்தின் குரல் வந்தது.

“இப்பத் திறக்க முடியாது சார். வெளிச்சம் வந்துடும்.”

“அவசரம்மா. எப்பத் திறப்பீங்க? மணி அடிச்சதுமா?”

உள்ளே ஏதோ கலந்து பேசும் சத்தம் கேட்டது.

“இல்லை சார்” என்றாள் சந்தேகம். “எங்களுக்குப் புரிஞ்சதும்.”